செப்டிக் டேங்கும் ஒரு நோட்டுப் புத்தகமும்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஊரைவிட்டு விலகித் தனியாக நிற்கிறது என் பெரியம்மா மகளின் வீடு. சில ஆண்டுகளுக்கு முன், ஓர் அக்டோபரில் அங்கே போயிருந்தேன். அக்கா வைக்கோல் கட்டுகளைப் பிரித்து, பின்புறப் புல்வெளியில் அரை முழ உயரத்துக்குப் பரப்பிக்கொண்டிருந்தாள். மாடே இல்லாத வீட்டில் வைக்கோல் எதற்கு என்று கேட்டேன். “கீழே செப்டிக் டேங்க் இருக்குடி. குளிர் வர்றதுக்குள்ள போர்வை போத்தறேன்” என்றாள்.

அந்தப் பக்கம் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டின் கழிவெல்லாம் மண்ணுக்கடியில் புதைத்த தொட்டிக்குப் போகிறது. கசடு அடியில் தங்கிவிட, மேலே நிற்கும் நீர் துளையிட்ட குழாய்கள் வழியாகப் புல்வெளிக்கடியில் பரவி மண்ணில் வடிகிறது. கடுங்குளிரில் தரை சில அடி ஆழம்வரை உறைந்துபோகும். தொட்டியை உறையாமல் காப்பவை, வீட்டிலிருந்து நாள்தோறும் இறங்கும் வெதுவெதுப்பான நீரும், கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களின் சூடும்தான்.

குளிர்கால ஏற்பாடுகள் எல்லாம் இந்தச் சூட்டைக் காப்பதற்கானவை. கோடை முடியும்போதே டேங்கின் மேலுள்ள புல்லை வெட்டாமல் வளரவிட வேண்டும். ஒழுகும் குழாய்களைச் சரிசெய்ய வேண்டும். சொட்டுச் சொட்டாக இறங்கும் நீர்தான் குழாய்க்குள் உறைந்து, கொஞ்சம் கொஞ்சமாக அதை அடைத்துவிடும். டேங்கின் மேல் விழுந்த பனியை மிதித்து இறுக்கக் கூடாது, வண்டி ஏற்றக் கூடாது. பொலபொலவென்று கிடக்கும் பனியே நல்ல போர்வை. உறைந்துவிட்டதே என்று உப்பைக் கொட்டக் கூடாது. ஒரு வாரத்துத் துணியை ஒரே நாளில் துவைக்காமல், தினமும் கொஞ்சமாக வெந்நீரில் துவைக்க வேண்டும்.

இந்த விதிகள் ‘வீட்டாருக்கு’ என்று பொதுவாகத்தான் சொல்லப்படுகின்றன. ஆனால் தினமும் துவைக்கிற அந்த ‘வீட்டார்’ யார்? அக்காவிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. கசடு எடுத்த தேதிகள், வீட்டு மூலையிலிருந்து டேங்க் மூடி எத்தனை அடி தள்ளியிருக்கிறது, குடிநீர்க் கிணற்றுக்கும் கழிவுநீர் வடியும் இடத்துக்கும் நடுவே விடவேண்டிய 100 அடி எல்லாம் அதில் இருந்தன. மூடி எங்கே இருக்கிறது என்று அத்தானுக்குத் தெரியாது. ஆனாலும் கசடு எடுக்க லாரியோடு வருபவர் கதவைத் தட்டியதும் கேட்பது, “வீட்டுக்காரர் இருக்கிறாரா?” என்றுதான்.

செப்டிக் டேங்கின் வரலாறும் ஏறக்குறைய அதே கேள்வியைக் கேட்டுத்தான் எழுதப்பட்டிருக்கிறது. 1860 வாக்கில் பிரான்சில் தன் வீட்டுக்கு இப்படியொரு தொட்டி கட்டி, 1881இல் காப்புரிமை பெற்றவர் ழான்-லூயி மூரா. 1895இல் இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் அதை மேம்படுத்தி, ‘செப்டிக் டேங்க்’ என்று பெயரிட்டவர் டொனால்ட் கேமரன். இருவரும் நினைவில் நிற்க வேண்டியவர்கள்தான். ஆனால் தொட்டி வருவதற்கு முன் அந்தக் குளிர் நாடுகளில் நிலைமை என்ன? பனி கொட்டும் இரவில் வெளிக் கழிப்பிடத்துக்குப் போக முடியாது. படுக்கையறையில் மலச்சட்டி வைத்துக்கொண்டார்கள். காலையில் அதை எடுத்துக் கொட்டிக் கழுவிவைத்தவள் வீட்டுப் பெண் அல்லது வேலைக்காரப் பெண். அந்த வேலையை யாரும் வரலாறாக எண்ணவில்லை.

எண்ணிய பெண்கள் சிலர் உண்டு. 1869இல் கேத்தரின் பீச்சரும் அவர் தங்கை ஹேரியட் பீச்சர் ஸ்டோவும் சேர்ந்து எழுதிய இல்லப் பராமரிப்பு நூலில், மலத்தை மண்ணால் மூடும் உலர் கழிப்பறையை விளக்கினார்கள். அவர்களுக்குப் பின் வந்தவர் எல்லன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ். எம்.ஐ.டி.யில் சேர்ந்த முதல் பெண். 1873இல் பட்டம் பெற்றார். அவரிடம் கட்டணம் வாங்கவில்லை. அதைச் சலுகை என்று நினைத்திருந்தார். யாரேனும் ஆட்சேபித்தால் ‘அவர் எங்கள் மாணவியே இல்லை’ என்று சொல்லிவிடும் வசதிக்காகத்தான் என்பது பிறகே அவருக்குத் தெரிந்தது.

1887இல் தொடங்கிய மாசசூசெட்ஸ் நீர் ஆய்வில், மாநிலமெங்கிலுமிருந்து வந்த ஆயிரக்கணக்கான நீர் மாதிரிகள் அவர் பொறுப்பிலிருந்த ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டன. கடலிலிருந்து உள்நாட்டுக்குப் போகப்போக நீரில் உப்பு இயல்பாகவே குறைகிறது. ஓரிடத்தில் அந்த இயல்பைவிடக் கூடியிருந்தால், மனிதக் கழிவு கலந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். இந்த இயல்பு அளவுகளை வைத்து ஒரு வரைபடமே உருவானது. கிணற்றையும் கழிப்பிடத்தையும் ஒருசேரப் பார்க்கும் வீட்டுக் கண் வேதியியலுக்குள் நுழைந்த இடமாகவே அதை நான் வாசிக்கிறேன். அக்காவின் நோட்டில் உள்ள 100 அடிக்குப் பின்னாலும் அதே கவலைதான் இருக்கிறது.

ஆனாலும் ரிச்சர்ட்ஸ் பேசியது பெரும்பாலும் வீட்டு எஜமானியிடம். அந்நாளில் பாஸ்டன் நகரத்து வசதியான வீடுகளில் மலச்சட்டி ஏந்தியவர்களில் பலர், அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஏழைப் பெண்கள். அவர்கள் கணக்கு எழுதிவைக்கவில்லை. பெண்களின் வரலாற்றிலும் யார் சட்டியைத் தூக்கினார்கள், யார் அதைப் பற்றி எழுதினார்கள் என்று பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

இதை அமெரிக்காவைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு நகர எனக்கு உரிமையில்லை. நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவில் எடுப்புக் கக்கூஸ்கள் இருந்தன. சந்து வழியாக ஓர் அம்மா வருவார். சாம்பலும் முறமும் கொண்டுவருவார். அவரை நாங்கள் சாதிப் பெயரால் குறிப்பிட்டோம். அவருடைய பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. எடுப்புக் கக்கூஸை 1993ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. எங்கள் வீட்டுக்கும் செப்டிக் டேங்க் வந்தது. விடுதலை என்று அம்மா சொன்னார். அந்தச் சாதியாருக்கு வேலை இடம் மாறியது, அவ்வளவுதான். டேங்குக்குள் ஆண்கள் இறக்கப்பட்டு விஷவாயுவில் செத்தார்கள். பாதுகாப்பின்றி இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த பிறகும் சாகிறார்கள். இழப்பீட்டுக்கு அலுவலகப் படியேறுபவர்கள் பெரும்பாலும் அவர்களுடைய மனைவிமாரும் தாய்மாரும்.

அக்காவின் டேங்குக்குள் யாரும் இறங்குவதில்லை. நீண்ட குழாயை மூடி வழியாக விட்டு, லாரி இழுத்துக்கொள்கிறது. மூன்று வாரம் கழித்து முதல் பனி விழுந்ததாகப் படம் அனுப்பினாள். வைக்கோல் முழுவதும் வெள்ளையாக மூடியிருந்தது. ஊருக்குத் திரும்பிய நான் அம்மாவிடம், நம் வீட்டு டேங்கைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தோம், எப்படிச் செய்தோம், வந்தவர் பெயர் என்ன என்று கேட்டேன். “யாருக்கும்மா நினைவிருக்கு?” என்றார். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, முதல் பக்கத்தில் அந்த மூன்று கேள்விகளையும் எழுதிவைத்திருக்கிறேன்.