கட்டுப்பல்லும் காந்தமும்

பல்லிழந்தோர்க்குப் பல் கட்டுதல் பழைய கலை. கட்டிய பல்லை வாயில் நிலைநிறுத்துதலோ நெடுநாட் சிக்கல். சில பற்கள் எஞ்சிய வாயில், கழற்றி மாட்டத்தக்க பகுதிக் கட்டுப்பல்லை அப்பற்களோடு உலோகக் கொளுவிகளாற் பிணைப்பதே பெருவழக்கு. உண்ணும்போது கொளுவி பல்லைப் பக்கவாட்டில் இழுக்கும். ஏலவே தளர்ந்த பல் மேலுந் தளரும். தாங்குமென நம்பப்பட்ட பல்லே முதலில் விழுந்துவிடுதலும் உண்டு. இதற்கு மாற்றுத் தேடியோரிற் சிலர் காந்தத்தை நாடினர்.

1931 இல் யப்பானிய அறிஞர் மிசிமா இரும்பு, நிக்கல், அலுமினியம் ஆகியன கலந்த வலிய நிலைக்காந்தத்தைக் கண்டறிந்தார். அவ்வழிவந்த கலப்புலோகக் காந்தங்கள் வாய்க்குள் அடங்குமளவு சிறுத்தன. 1953 இல் அமெரிக்கராகிய பிரீட்மன் வெளியிட்ட முறை விந்தையானது: மேல், கீழ்க் கட்டுப்பற்களில் ஒத்த முனைகள் எதிரெதிரே அமையக் காந்தங்களைப் பதித்து, ஒன்றையொன்று தள்ளுமாறு செய்தார். எண்ணம் நயமானதே. ஆயினும் காந்த விசை தூரத்தோடு விரைந்து குன்றுவது; வாய் அகலத் திறந்து பல் கழலும் வேளையிலேயே அது பெரிதும் வலுவிழக்கும்.

1960 இல் பேமன் என்பார் ஒருபடி மேற்சென்று, தாடையென்பினுள்ளேயே காந்தத்தைப் பதித்துக் கட்டுப்பல்லை ஈர்க்கச் செய்த முறையை வெளியிட்டார். துணிவுமிக்க முயற்சி, ஆனால் முரசின் தடிப்பு இடையே நின்று ஈர்ப்பைக் குறைத்தது. முதியோரின் தாடையை இதற்காக அறுப்பது தகுமா என்ற வினாவும் எழாமற் போகாது.

திருப்பம் 1960களின் பிற்பகுதியில் தோன்றிய சமாரியம்–கோபாற்றுக் காந்தத்தால் விளைந்தது. சிட்னிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிலிங்ஸ் 1981 இல் விரித்துரைத்த முறையிற் காந்தங்கள் கட்டுப்பல்லிலேயே அமைந்தன. எஞ்சிய பல்லை முரசளவிற்கு வெட்டி, வேர்மீது காந்தத்தால் ஈர்க்கப்படும் உருக்குத் தகடொன்று பொருத்தப்பட்டது. எதிர்முனைகள் அருகருகே நிற்க, தகடு காந்தச் சுற்றை மூடியது. ஆகவே ஈர்ப்பு மிகுந்தது, வெளியே கசியும் புலமோ அருகியது. பக்கவாட்டில் விசை மிகும்போது காந்தம் வழுக்கி விலகும், வேர் தப்பும். கொளுவிக்கு இல்லாத நற்குணம் இதுவே என்பது எமது கருத்து. வீணென்று பிடுங்கப்பட்டிருக்கக்கூடிய வேர்களும் இதனாற் பயன்பெற்றன. வேர் நிலைக்குமிடத்துத் தாடையென்பு தேய்வதும் குறைவு.

பின்னர்ப் பகையாயிற்று உமிழ்நீர். 1980களில் வந்த நியோதிமியக் காந்தம் வலிமையில் விஞ்சியது. அரிப்புக்கு ஆளாவதிலும் அவ்வாறே. உறை தேய்ந்து உமிழ்நீர் உட்புகின் காந்தம் விரைவில் அழியும். எனவே துருவேறா உருக்குறையில் இட்டு, லேசர்க் கதிரால் ஒட்டி மூடும் முறை வழக்காயிற்று. 2012 இற் சர்வதேச நியம நிறுவனம் இத்தகைய இணைப்புகளுக்கென ஒரு நியமத்தை வெளியிட்டது.

மற்றொரு இடர் வைத்தியத்துறையின் வளர்ச்சியினாலேயே வந்தது. காந்தப் பரிவுப் படம் எடுக்குமுன் கட்டுப்பல்லைக் கழற்றி வைக்கலாம். வேர்மீதுள்ள தகட்டை அவ்வாறு எளிதிற் கழற்றவியலாது. அது தன்னைச் சூழ்ந்த பகுதியின் படத்தைச் சிதைக்குமாதலின், தகடு இருப்பதை நோயாளர் முன்கூட்டியே தெரிவித்தல் வேண்டும்.