கொக்கி, கயிறு, தோள்: செயற்கைக் கையின் கதை

செயற்கைக் கால் என்றதும் நம்மில் பலருக்கு 'ஜெய்ப்பூர் கால்' ஞாபகம் வரும். 1981-இல் திருச்சி பக்கம் நடந்த பேருந்து விபத்துக்குப் பிறகு காலை இழந்த சுதா சந்திரன் மறுபடியும் மேடையேறி ஆடியதும், அதை வைத்தே 'மயூரி' படம் வந்ததும் அம்மா அப்பா தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். சரி, செயற்கைக் கை என்றால்? ஒரு பெயரும் வராது. ஏன் என்று யோசித்தபோது கிடைத்த கதைதான் இது.

பாரிவாக்கத்திலிருந்து பூந்தமல்லி பக்கம் போனாலும் ஆவடி பக்கம் போனாலும் பொறியியல் கல்லூரி வண்டிகள்தான் எதிரில் வரும். இந்தக் கல்லூரிகளில் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டாக செயற்கைக் கை செய்வது அடிக்கடி நடக்கிற விஷயம். விரலுக்கு ஒரு மோட்டார், ஒரு சின்ன கன்ட்ரோலர் போர்டு, கூடவே உணரிகள் பதித்த ஒரு கையுறை. நாம் கையுறைக்குள் விரலை மடக்கினால் மேஜை மேலிருக்கும் பிளாஸ்டிக் கையும் மடக்கும். கைதட்டல் கிடைக்கும், மார்க்கும் கிடைக்கும். ஆனால் கையை இழந்தவர் அந்தக் கையுறையை எங்கே மாட்டுவார்? நல்ல கையில் மாட்டினால் இரண்டு கையும் ஒரே வேலையைத்தானே செய்யும்! இன்னொரு பக்கம், அம்பத்தூர் எஸ்டேட் பவர் பிரஸ்ஸில் விரலைக் கொடுத்தவர்களை எங்கள் பகுதியில் டீக்கடையிலேயே பார்க்கலாம். அவர்களில் ஒருவரையாவது கூப்பிட்டுக் கேட்டுவிட்டு ஆரம்பித்த ப்ராஜெக்ட்டை நான் இதுவரை பார்க்கவில்லை.

வரலாற்றைப் பார்த்தால் இந்தக் கை வேறு விதமாக வளர்ந்திருக்கிறது. 1504-இல் ஜெர்மனியில் லாண்ட்ஸ்ஹூட் முற்றுகையின்போது கோட்ஸ் ஃபான் பெர்லிஷிங்கன் என்ற வீரர் பீரங்கிச் சுடுதலில் வலது கையை இழந்தார். அவருக்குச் செய்த இரும்புக் கை இன்றும் இருக்கிறது. இடது கையால் விரல்களை மடக்கிவிட்டால் உள்ளே பல்சக்கரம் பூட்டிக்கொள்ளும், பொத்தானை அமுக்கினால் விடும். அதே நூற்றாண்டில் பிரான்சின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் அம்ப்ருவாஸ் பாரே வெளியிட்ட செயற்கைக் கையைச் செய்து கொடுத்தவர் ஒரு பூட்டுத் தொழிலாளி.

இந்தக் கைகளுக்கெல்லாம் ஒரே குறை. இயக்குவதற்கு இன்னொரு கை வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பீட்டர் பாலிஃப் என்பவர் இதற்கு வழி கண்டார். அவர் பெர்லினில் ஒரு பல் மருத்துவர் (ஆமாம், பல்!). தோளிலும் மார்பிலும் வார்ப்பட்டை கட்டி, தோளை அசைத்தால் விரல் அசையும்படி செய்தார். மோட்டாருக்குப் பதில் உடம்பே இயந்திரம். அடுத்த பெரிய அடியை எடுத்து வைத்தவர் அமெரிக்காவின் டோரன்ஸ். மர அறுவை மில் விபத்தில் கையை இழந்த அவர், கொடுக்கப்பட்ட கை பிடிக்காமல் தானே ஒன்றை வடிவமைத்து 1912-இல் காப்புரிமை வாங்கினார். இரண்டாகப் பிளந்த ஒரு கொக்கி. ரப்பர் வளையம் அதை மூடி வைத்திருக்கும், தோளை முன்னால் தள்ளினால் கயிறு இழுத்துத் திறக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க விமானக் கம்பெனி ஒன்றின் பொறியாளர்கள் தோல் வாருக்குப் பதிலாக உறைக்குள் ஓடும் எஃகுக் கம்பியைப் போட்டார்கள். நம் சைக்கிள் பிரேக் ஒயர் எப்படி வேலை செய்கிறதோ அதேதான். நூறு வருடம் தாண்டியும் உலகம் முழுக்க மக்கள் அந்தக் கொக்கியை மாட்டிக்கொண்டு வேலை செய்கிறார்கள். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் எடை குறைவு, சார்ஜ் போட வேண்டாம். பிடித்திருக்கும் பொருள் எவ்வளவு கனம் என்பது கயிறு வழியாகத் தோளுக்கு ஓரளவு தெரிந்துவிடும். இந்தக் கடைசி விஷயத்தை மோட்டார் கை சுலபமாகத் தராது.

இந்தியாவில் 1944-இல் புனேயில் ராணுவ வீரர்களுக்காகச் செயற்கை உறுப்பு மையம் வந்தது. ஆனால் ஊரெல்லாம் பேச வைத்தது 1968-இல் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் பிறந்த கால்தான். வெளிநாட்டுக் காலுக்கு ஷூ வேண்டும். அதை மாட்டிக்கொண்டு குந்தி உட்கார முடியாது, சம்மணம் போட முடியாது, சேற்றில் நடக்க முடியாது. டாக்டர் பி.கே. சேத்தியோடு சேர்ந்து இதைத் தீர்த்தவர் ராம் சந்திர சர்மா. பரம்பரைக் கைவினைஞர், அதிகம் பள்ளிக்கூடம் போகாதவர். லாரி டயரைச் சூடுபடுத்தி ரப்பர் ஒட்டும் முறையை எடுத்து, வெறுங்காலோடு நடக்கும் பாதத்தைச் செய்தார்கள். 1981-இல் மகசேசே விருது சேத்திக்குக் கிடைத்தது. சர்மாவின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அந்த வெற்றி கைக்கு ஏன் வரவில்லை? கால் முக்கியமாக ஒரு வேலை செய்கிறது: உடம்பைத் தாங்கி நடக்க வைக்கிறது. கை செய்யும் வேலைகளை எண்ண முடியாது. அதோடு, கால் போனால் மாற்றுக் கால் இல்லாமல் நடப்பது கஷ்டம். ஒரு கை போனால் மற்றொரு கை பெரும்பாலான வேலையைப் பழகிக்கொள்ளும். அதனால் செயற்கைக் கை கொஞ்சம் தொந்தரவு கொடுத்தாலும் பீரோவுக்குள் போய்விடும். வாங்கியவர்களில் பலர் பிறகு மாட்டுவதே இல்லை என்பது உலகம் முழுக்க இந்தத் துறையின் பழைய தலைவலி.

நம் தமிழ்நாட்டிலேயே கையைப் பற்றி ஆழமாக யோசித்த இடம் வேலூர் சி.எம்.சி. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், மருத்துவம் படிப்பதற்கு முன் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றவர். 1940களின் கடைசியில் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, நல்ல தசை நாணை இடம் மாற்றி நிமிர்த்தினார். அவர் செய்தது செயற்கைக் கை அல்ல. ஆனால் ஆபரேஷனோடு விடாமல் நோயாளிகளைத் தச்சுப் பட்டறையில் உட்கார வைத்து மர பொம்மை செய்யச் சொன்னார். உணர்ச்சியற்ற விரலில் காயம் எந்தக் கருவியால் வருகிறது என்று கூடவே கவனித்தார். கையைச் சோதிக்க வேண்டிய இடம் வேலை நடக்கும் இடம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

சமீபத்திய கதையிலும் ஒரு தச்சர் வருகிறார். 2011-இல் தென்னாப்பிரிக்காவின் ரிச்சர்ட் வான் ஆஸ் ரம்பத்தில் விரல்களை இழந்தார். அமெரிக்காவில் நாடகப் பொருட்கள் செய்யும் ஐவன் ஓவனை இணையத்தில் பிடித்தார். இருவரும் கண்டம் விட்டுக் கண்டம் பேசிச் செய்த கையின் முப்பரிமாண அச்சுக் கோப்பை 2013-இல் இலவசமாக வெளியிட்டார்கள். மணிக்கட்டை மடக்கினால் நூல் இழுத்து விரல் மூடும், அவ்வளவுதான். பிறகு எத்தனையோ பள்ளி, கல்லூரி மாணவர்கள் இதைப் பார்த்தே கை செய்யக் கற்றார்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 2018-இல் ஒருவருக்கு இரண்டு கைகளையுமே மாற்றிப் பொருத்தினார்கள். பெரிய சாதனைதான். ஆனால் அந்தக் கைகளை உடம்பு நிராகரிக்காமல் இருக்க வாழ்நாள் முழுக்க மருந்து வேண்டும். எனவே கொக்கியின் காலம் இன்னும் முடியவில்லை.

நம் வகுப்பில் கற்றுக்கொடுப்பதாக இருந்தால் நான் இப்படித்தான் ஆரம்பிப்பேன். ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு, சைக்கிள் பிரேக் ஒயர், பைக்கு வைத்துத் தைக்கும் நாடா, ரப்பர் வளையங்கள், தகட்டில் வெட்டிய கொக்கி. நாடாவை எட்டு வடிவத்தில் முதுகில் குறுக்காகக் கட்ட வேண்டும். இதை நோயாளிக்கு மாட்டிவிடக் கூடாது. மிச்சக் கை உட்காரும் கிண்ணம் சரியாக இல்லையென்றால் தோல் புண்ணாகிவிடும். அது படித்துப் பதிவு செய்தவர்களின் வேலை, 1992-இல் அதற்குச் சட்டமே வந்திருக்கிறது. நாம் நம் கையில், மூடிய முஷ்டியின் மேல் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்து பார்க்கலாம். தண்ணீர் பாட்டில் மூடியைத் திறப்பது, சட்டை பட்டன் போடுவது, சில்லறை பொறுக்குவது. கொக்கியில் ஒரு ரப்பர் வளையம் கூட்டினால் பிடி ஏறக்குறைய அரை கிலோ கூடும். ஆனால் திறக்கத் தோளும் அவ்வளவு கூடுதலாக உழைக்க வேண்டும். பத்து நிமிடத்தில் அக்குள் எரிய ஆரம்பித்ததும், எத்தனை வளையம் போடலாம் என்ற கேள்விக்கு அர்த்தம் வந்துவிடும்.

பிறகு ஒரு ஸ்பிரிங் தராசைத் தோள் பக்கம் மாட்டி, இழுத்த பலத்தில் எவ்வளவு கொக்கிக்கு வந்து சேர்கிறது என்று அளக்கலாம். முழங்கையை நீட்டி ஒரு தடவை, மடக்கி ஒரு தடவை. மடக்கும்போது ஒயர் வளைந்து உறையில் உரசும், வந்து சேரும் பலம் குறையும். வாய்க்குப் பக்கத்தில் டம்ளரைக் கொண்டுபோகும்போது கொக்கியைத் திறப்பது ஏன் கஷ்டம் என்பது அந்த இரண்டு அளவுகளிலேயே தெரிந்துவிடும்.