கேடுலகப் புனைவும் கரிசலின் வளரிளம் பருவமும்: கோவில்பட்டித் தீப்பெட்டித் தொழிலை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

இளையோருக்கான கேடுலக அறிபுனைவு தமிழில் தனி வகைமையாக ஏன் வேரூன்றவில்லை என்னும் வினாவைக் கரிசல் வட்டாரத்தின் உழைப்பு வரலாற்றோடு இணைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. கோவில்பட்டிப் பகுதியின் தீப்பெட்டித் தொழிலும் அவ்வட்டாரப் புனைவுகளும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கரிசல் இலக்கியம், அறிபுனைவு, வளரிளம் பருவம், தீப்பெட்டித் தொழில், முன்பணம்

முன்னுரை

ஆளும் அமைப்பு மனிதரை நசுக்கும் எதிர்காலம் ஒன்றைக் கற்பித்துக் காட்டும் எழுத்தைக் கேடுலகப் புனைவு எனலாம். டிஸ்டோபியா என்று உலக இலக்கியத்தில் வழங்கப்படும் வகை இதுவே. தமிழில் இதற்குச் சான்றாக முதலில் நினைவுக்கு வருவது சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த இந்நாவல், 2020-களின் தொடக்கத்தில் ஜீவா என்னும் சர்வாதிகாரியின் பிடியில் இருக்கும் இந்தியாவைச் சித்திரிக்கிறது. அங்கே குழந்தை பெறுவதற்கு அரசின் அனுமதி வேண்டும்; பெயர்கள் ஈரெழுத்துக்குள் அடங்க வேண்டும். எனினும் இது வார இதழின் பொது வாசகருக்காக எழுதப்பட்டதேயன்றி இளையோருக்கென்று எழுதப்பட்டதன்று. ஜீனோ என்ற இயந்திர நாயின் பொருட்டுப் பள்ளி மாணவர்கள் அதைத் தமதாக்கிக்கொண்டது வேறு செய்தி.

ஆங்கிலத்தில் லோயிஸ் லோரியின் 'தி கிவர்' (1993), சூசன் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' (2008) ஆகியவை இளையோரையே வாசகராகக் கொண்டு எழுந்தன. தமிழில் அத்தகைய மரபு தழைக்காததற்கு அறிவியல் எழுத்தின் குறைவை மட்டும் காரணமாகக் காட்டுவது போதாது. உழைப்பிலிருந்து விலக்கப்பட்டு, பள்ளிக்குச் சென்று, வருங்காலத்தைக் கற்பனையில் அஞ்சுவதற்கு ஓய்வு பெற்ற ஒரு வளரிளம் பருவத்தை இவ்வகைமை முன்னிபந்தனையாகக் கொள்கிறது. கரிசலில் அப்பருவம் எப்போது உருவானது என்பதே கேள்வி.

தானியமும் முன்பணமும்

'தி ஹங்கர் கேம்ஸ்' நாவலில் பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையுள்ளோரின் பெயர்கள் ஆண்டுதோறும் சீட்டுக் குலுக்கலில் இடப்படுகின்றன. தெரிவு செய்யப்படுவோர் மரணப் போட்டிக்கு அனுப்பப்படுவர். இதில் கவனத்திற்குரியது ஒரு சிறு விதி. ஏழைச் சிறுவர் தம் பெயரைக் கூடுதலாக ஒருமுறை எழுதிக்கொடுத்தால், ஒருவருக்கு ஓராண்டுக்குரிய சொற்பத் தானியமும் எண்ணெயும் கிடைக்கும். ஆண்டுதோறும் அவ்வெண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். குடும்பத்தின் பசியைச் சிறாரின் உடல்மீது கடனாக ஏற்றும் ஏற்பாடு இது. காலின்ஸ் கற்பனையில் கண்ட இவ்விதியைக் கோவில்பட்டி வட்டார வாசகர் ஒருவர் புதுமையாகக் கருதமாட்டார்.

1923-இல் சிவகாசியில் தொடங்கிய தீப்பெட்டித் தொழில் சாத்தூர், கோவில்பட்டி எனப் பரவியதற்கு நிலத்தின் தன்மையும் ஒரு காரணம். வறண்ட காற்று குச்சியும் பெட்டியும் உலர உதவியது. வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரிப் பருத்தியும் கம்பும் பொய்த்தபோது வேலையாட்கள் மலிவாகக் கிடைத்தனர். கரும்பு நெல் விளையும் ஊர்களில் இத்தொழில் இவ்வாறு வேர்பிடித்திருக்க இயலாது. மக்கள் வழக்கில் 'தீப்பெட்டி ஆபீஸ்' எனப்பட்ட இவ்விடங்களுக்கு விடியுமுன்னரே ஊர்களுக்கு வந்த வண்டிகள் சிறாரை ஏற்றிச் சென்றன. குச்சி அடுக்குதலும் பெட்டி ஒட்டுதலும் எண்ணிக்கைக் கூலிக்கான வேலைகள். சிறு விரல்கள் அவற்றுக்கு ஏற்றவை எனக் கருதப்பட்டன. பெற்றோர் முன்பணம் பெற்றால் பிள்ளையின் உழைப்பே அதற்கு ஈடு. சலம் பென்னூர்கர் 1990-இல் எடுத்த ஆவணப்படத்தின் பெயர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்'. சிவகாசியின் தொழில் வளத்தைப் போற்றி வழங்கிய எதிர்காலக் கனவுப் பெயர் ஒன்று, அதைத் தாங்கிய சிறாரின் பக்கம் நின்று அங்கே திருப்பிச் சொல்லப்படுகிறது.

ஆனால் ஒரு வேறுபாட்டை மறைக்கலாகாது. காலின்ஸின் உலகில் கொடுமைக்கு ஒரு தலைநகரம் உண்டு. சுஜாதாவின் ஜீவா வெறும் முப்பரிமாண ஒளியுரு என வெளிப்பட்ட பின்னும் வீழ்த்துவதற்கு ஓர் அரியணை எஞ்சுகிறது. கரிசலிலோ முகவரும் கடனும் தந்தையும் மழையற்ற வானமும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். வீழ்த்தப்பட வேண்டிய கொடுங்கோலனைத் தேடும் கதையமைப்பு இங்கே பொருந்தாது.

சட்டம் வகுத்த வயது

குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் இயற்றப்பட்டபோது பதினான்கு வயது நிறைவுறாதவரே குழந்தை எனப்பட்டனர். தீப்பெட்டி உற்பத்தி தடைசெய்யப்பட்ட தொழிற்பட்டியலில் இடம்பெற்றது. எனினும் குடும்பத்தார் துணையுடன் நடைபெறும் வேலைக்கு விலக்கு இருந்தது. பெட்டி ஒட்டுதல் வீட்டுத் திண்ணையில் செய்யத்தக்க வேலை என்பதை நோக்க, அவ்விலக்கின் அகலம் புரியும். எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று வழங்கிய தீர்ப்பு, பணியமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் வேலையளிப்போர் ரூ.20,000 செலுத்த ஆணையிட்டது. பதினான்கு முதல் பதினெட்டு வயதுக்குட்பட்டோரை 'வளரிளம் பருவத்தினர்' எனத் தனியே சுட்டி, அபாயத் தொழில்களிலிருந்து விலக்கியது 2016-ஆம் ஆண்டுத் திருத்தமே. தொழிற்சாலைகள் சட்டம் (1948) இச்சொல்லை முன்பே அறிந்திருந்தது. ஆனால் அங்கே அது தகுதிச் சான்றுடன் வேலை செய்யத்தக்க வயதின் பெயர்.

கரிசல் புனைவில் பதின்பருவம்

இப்பின்னணியில் கரிசல் எழுத்தில் பதின்பருவத்தார் குறைவில்லாமல் இருப்பதும், அவர்களுக்கென எழுதப்பட்ட நூல்கள் அரிதாக இருப்பதும் முரணாகத் தோன்றா. பூமணியின் 'வெக்கை' (1982) நாவலின் மையம் பதினைந்து வயதுச் சிதம்பரம். கொலை செய்துவிட்டுத் தந்தையுடன் காட்டில் மறைந்து திரியும் அவனைக் கதையில் எவரும் சிறுவனாக நடத்துவதில்லை. அதே பூமணி இயக்கிய 'கருவேலம்பூக்கள்' திரைப்படம் தீப்பெட்டித் தொழிலின் சிறார் உழைப்பையே பொருளாகக் கொண்டது. சோ. தர்மனின் 'சூல்' (2016) உருளைக்குடிக் கண்மாயின் அழிவைச் சொல்கிறது. ஒரு நீர் ஒழுங்கு குலைந்து உலகம் கெடுவதே அதன் பொருள் என்பதால், அதையும் கேடுலகப் புனைவின் அருகில் வைத்து வாசிக்க இடமுண்டு. இவற்றில் கேடு வரப்போவதாக இல்லை. நடந்து முடிந்ததாக அல்லது நடந்துகொண்டிருப்பதாக இருக்கிறது.

கோவில்பட்டி எழுத்தாளர் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' என்னும் இளையோர் நாவலுக்கு 2023-இல் சாகித்திய அகாதமியின் பால சாகித்திய விருது வழங்கப்பட்டது. பள்ளி வயது வாசகரை நேரடியாக விளித்துக் கரிசல் மண்ணிலிருந்து எழுந்த அந்நாவல் காலத்தைத் தாண்டிச் செல்கிறது. ஆனால் அது செல்லும் திசை வருங்காலமன்று, பழந்தமிழர் வாழ்ந்த கீழடி.