ராகேலின் அருகில் இருந்தவள்

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை வேளை. திருப்பலி முடிந்து மக்கள் கலைந்து சென்றபின், எங்கள் பங்கைச் சேர்ந்த ஓர் இளம்பெண் தம் தாயுடன் பங்கு இல்லத்துக்கு வந்தார். நிறைமாதம். தலைப்பிரசவம். இரத்த அழுத்தம் கூடியிருப்பதால், வரும் திங்களன்று மருத்துவமனையில் சேர்ந்துவிட வேண்டும் என்றும், வலி வருவதற்கு மருந்து வைக்க வேண்டியிருக்கும் என்றும் மருத்துவர் சொல்லியிருந்தார்.

"சாமி, தானாக வலி வரும்வரை காத்திராமல் இப்படிச் செய்வது கடவுள் குறித்த நேரத்தில் நாம் கை வைப்பதாகாதா? எனக்குப் பயமாக இருக்கிறது. பயப்படுவதே விசுவாசக் குறைவு என்று வீட்டில் சொல்கிறார்கள்" என்றார்.

எனக்குப் பழைய நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்தது. நான் குருவான புதிதில், இதே போன்ற நிலையில் இருந்த ஒரு பெண் என்னிடம் ஆசீர் கேட்டு வந்தார். "பயப்படாதீர்கள் அம்மா, ஜெபமாலை சொல்லுங்கள்" என்று கூறி, தலைமீது கைவைத்து அனுப்பிவிட்டேன். குழந்தை நலமாகவே பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு வந்தபோது அந்தத் தாய் சொன்னார்: "பயப்படாதே என்றீர்கள் சாமி. பயம் போகவில்லை. அதனால் வலியோடு, பாவம் செய்கிறோமோ என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது." அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆயினும் அந்தச் சொல் என்னை விட்டு நீங்கவில்லை.

ஆகவே இம்முறை நான் உடனே ஆறுதல் கூறவில்லை. இருவரையும் அமரச் செய்து, எனக்குத் தெரிந்த வரலாற்றைச் சொன்னேன். அன்று சொன்னதையே சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

பேறுகால அச்சம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. தொடக்க நூலின் 35ஆம் அதிகாரத்தில் ராகேல் எப்ராத்துக்குப் போகும் வழியில் கடும் வேதனையுற்றுப் பென்யமினைப் பெறுகிறாள். அவளை அஞ்சவேண்டாம் என்று சொல்பவர் யார்? இறைவாக்கினர் அல்லர், குரு அல்லர், கணவர் யாக்கோபும் அல்லர். அவள் அருகில் இருந்த மருத்துவச்சி. அவள் அச்சொல்லை மட்டும் சொல்லவில்லை. இதுவும் உனக்கு ஓர் ஆண்மகனே என்ற செய்தியையும் சேர்த்துச் சொல்கிறாள். ராகேல் பிழைக்கவில்லை என்பதையும் விவிலியம் மறைக்கவில்லை. அவள் அஞ்சியதைக் குற்றமாகவும் எழுதவில்லை. அருகிருத்தல், உண்மையைச் சொல்லுதல் என்னும் இவ்விரண்டுமே அந்த மருத்துவச்சி நமக்கு விட்டுச்சென்ற பாடம். இப்பாடத்தை மருத்துவமும் திருச்சபையும் கற்றுக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று.

காத்திருத்தலே எப்போதும் பாதுகாப்பானது என்ற எண்ணத்தை முதலில் பார்ப்போம். 1817ஆம் ஆண்டு நவம்பர் மாதம். இங்கிலாந்தின் அரியணைக்கு உரியவராயிருந்த இளவரசி சார்லட் தலைப்பிரசவத்துக்காகக் காத்திருந்தார். வயது 21. எதிர்பார்த்த நாள் கடந்து இரண்டு வாரங்கள் ஆகியிருந்தன. நவம்பர் 3ஆம் நாள் மாலை வலி கண்டது. ஏறத்தாழ 50 மணி நேரம் அவர் வேதனைப்பட்டார். பொறுப்பேற்றிருந்த சர் ரிச்சர்ட் கிராஃப்ட் அக்கால மருத்துவ நெறிப்படி இயற்கையின் போக்கில் தலையிடாமல் காத்திருந்தார். நம் பெரியவர்கள் 'ஆயுதம் போட்டு எடுப்பது' என்பார்களே, அந்த இடுக்கிக் கருவி கையருகே இருந்தும் பயன்படுத்தப்படவில்லை. 5ஆம் நாள் இரவு ஆண்குழந்தை உயிரின்றிப் பிறந்தது. மறுநாள் விடியுமுன் இளவரசியும் இறந்தார். நாடே துக்கத்தில் ஆழ்ந்தது. கடைகளில் கறுப்புத் துணி தீர்ந்துபோகும் அளவுக்கு மக்கள் துக்கம் காத்தனர். மனமுடைந்த கிராஃப்ட் 1818 பிப்ரவரியில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர் தலையிட்டிருந்தால் தாயும் சேயும் பிழைத்திருப்பார்களா என்பதை எவரும் அறுதியிட்டுக் கூற முடியாது. எனினும் காத்திருத்தலுக்கும் ஒரு விலை உண்டு என்பதை அந்த மரணம் உலகுக்குக் காட்டிற்று.

வலியை வரவழைக்கும் முறை அக்காலத்தில் அறியப்படாததன்று. தாயின் இடுப்பெலும்பு மிகவும் குறுகியிருந்தால், குழந்தை பெரிதாக வளர்வதற்கு முன்பே பிரசவத்தைத் தொடங்கிவைக்கலாமா என்று 1756இல் இலண்டன் மருத்துவர்கள் கூடி ஆராய்ந்து, அது தகும் என்று முடிவு செய்தனர். இதைப் பதிவு செய்துவைத்தவர் தாமஸ் டென்மன் என்ற மருத்துவர். கிராஃப்ட் இவருடைய மருமகன் என்பது வரலாற்றின் வேதனையான முரண். அன்று இருந்த முதன்மையான வழி பனிக்குடத்தை உடைத்துவிடுவதே. கைகளைக் கிருமி நீக்கிக் கழுவ வேண்டும் என்று வியன்னாவில் செம்மல்வெய்ஸ் வலியுறுத்தியதே 1847இல்தான். அதனால் அக்காலத்துப் பெண்கள் மருத்துவரின் கையைக் கண்டு அஞ்சியதில் நியாயம் இருந்தது. பிரசவக் காய்ச்சல் எத்தனையோ தாய்மாரைக் கொண்டுபோயிற்று. நம் குடும்பங்களில் பாட்டிமார் வழிவந்த அச்சத்தின் வேர் இத்தகைய அனுபவங்களில்தான் இருக்கிறது. அதை அறியாமை என்று இகழ்வது முறையன்று.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை மாறிற்று. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் சாறு கருப்பையைச் சுருங்கச் செய்கிறது என்பதை ஹென்றி டேல் 1906இல் கண்டறிந்தார். 1909இல் பிளேர் பெல் அதைப் பிரசவ மருத்துவத்தில் பயன்படுத்தியதை வெளியிட்டார். தொடக்கத்தில் அளவு மிகுந்து, கருப்பையே கிழிந்துபோன துயரங்களும் நேர்ந்தன. 1948இல் தியோபால்டு என்பவர் அதை நாளத்தின் வழியே சொட்டுச் சொட்டாக, உடல் தானே சுரப்பதை ஒத்த சிறிய அளவில் செலுத்தும் முறையை எடுத்துரைத்தார். 1953இல் அமெரிக்கரான வின்சென்ட் து விக்னோ அந்தச் சுரப்புநீராகிய ஆக்சிடோசினை ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்கினார். 1955இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். கருப்பை வாயைக் கனியச் செய்து வலியைத் தொடங்கும் புரோஸ்டாகிளாண்டின் மருந்தை 1968இல் உகாண்டா நாட்டின் கம்பாலா நகரில் சுல்தான் கரீம் பயன்படுத்திக் காட்டினார். இன்று சில தாய்மாருக்கு 'ஜெல் வைக்கிறோம்' என்று மருத்துவமனைகளில் சொல்வது இந்த வகை மருந்தையே.

இவ்வளவும் எதற்கு என்று அந்தப் பெண்ணின் தாய் கேட்டார். திங்களன்று அவர் மகளின் உடலில் செலுத்தப்படக்கூடிய மருந்து புதிதாக வந்த அந்நியப் பொருளன்று. படைத்தவர் பெண்ணின் உடலிலேயே வைத்த சுரப்பை மனிதர் பொறுமையாகக் கற்று, தேவைப்படும்போது துணைசெய்யப் பயன்படுத்துகின்றனர். காய்ச்சலுக்கு மருந்து உண்பது கடவுளின் நேரத்தில் கை வைப்பதாகாது. இரத்த அழுத்தம் உயர்ந்து தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து நெருங்கும்போது பிரசவத்தைத் தொடங்கிவைப்பதும் அவ்வாறே.

இதில் இடர் எதுவும் இல்லை என்று நான் சொல்லவில்லை. அது உண்மையன்று. சுருக்கங்கள் அளவு மிஞ்சினால் குழந்தையின் இதயத் துடிப்பு பாதிக்கப்படலாம். அதனால்தான் இடைவிடாது கண்காணிக்கின்றனர். சிலருக்கு ஒரு நாள் முழுதும் காத்தும் வலி வருவதில்லை. அறுவை சிகிச்சை தேவைப்படும். கருப்பை வாய் எவ்வளவு கனிந்துள்ளது என்பதை ஐந்து அடையாளங்களைக் கொண்டு மதிப்பிடும் முறையை 1964இல் எட்வர்டு பிஷப் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்தார். பெயரைக் கேட்டதும் அந்தப் பெண் சிரித்துவிட்டார். பிஷப் என்பது அவருடைய குடும்பப் பெயர்தான், அவர் ஆயர் அல்லர் என்று நானும் சிரித்தேன். அந்த அறையில் அன்று எழுந்த முதல் சிரிப்பு அது.

இனி நம் திருச்சபையின் வரலாற்றுக்கு வருவோம். இதை நான் சற்றுத் தலைகுனிந்தே சொல்ல வேண்டும். பேறுகாலத் தாய்மாரின் அருகே நம் அருள்சகோதரிகள் நிற்பதற்கே ஒரு காலத்தில் தடை இருந்தது. துறவற வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் பிரசவ மருத்துவத்தில் ஈடுபடலாகாது என்பது அன்றைய ஒழுங்கு. அயல் ஆடவர் முன் வர இயலாத எத்தனையோ பெண்கள் நம் நாட்டில் மருத்துவ உதவியின்றி மாண்டனர். ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவரான ஆக்னஸ் மெக்லாரன் இந்நிலை மாற வேண்டும் என்று உரோமையிடம் முறையிட்டார். அவருடைய வாழ்க்கையைப் படித்துத் தூண்டப்பெற்ற ஆஸ்திரேலிய மருத்துவர் மேரி குளோரி, பேறுகால மருத்துவத்தில் உயர்பட்டம் பெற்று, 1920இல் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூருக்கு வந்து இயேசு மரி யோசேப்பு சபையில் சேர்ந்தார். துறவியாயிருந்தே மருத்துவப் பணிபுரிய அவருக்குத் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்டின் தனிச்சலுகை கிடைத்தது. இவ்வாறே மெக்லாரனின் வழிநின்ற ஆஸ்திரிய மருத்துவர் அன்னா டெங்கல், இராவல்பிண்டியில் தாய்மாரின் மரணங்களை நேரில் கண்டபின், 1925இல் மருத்துவ மறைப்பணிச் சகோதரிகள் சபையைத் தொடங்கினார். 1936 பிப்ரவரி 11, லூர்து அன்னையின் திருநாளன்று, உரோமை வெளியிட்ட அறிவுரை மறைப்பணி நாடுகளில் சகோதரிகள் பிரசவ மருத்துவம் செய்ய வழி திறந்தது.

அடுத்து வலியைப் பற்றிய கேள்வி. ஏவாளுக்குச் சொல்லப்பட்ட வார்த்தையைக் காட்டி, பேறுகால வேதனையைக் குறைப்பதே தவறு என்று எண்ணியோர் பல கிறிஸ்தவச் சபைகளிலும் இருந்தனர். 1951இல் பிரெஞ்சு மருத்துவர் பெர்னாண்ட் லமாஸ் சோவியத் நாட்டில் ஒரு முறையைக் கண்டுவந்தார். பிரசவத்தில் என்ன நிகழும் என்பதைத் தாய்க்கு முன்னரே விளக்கி, மூச்சுப் பயிற்சியும் அளித்தால் அச்சமும் வலியும் குறையும் என்பதே அது. கடவுளை மறுக்கும் நாட்டிலிருந்து வந்த முறையைக் கத்தோலிக்கர் ஏற்கலாமா என்ற ஐயம் எழுந்தது. 1956 ஜனவரி 8ஆம் நாள் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மருத்துவர்களிடம் இதுபற்றி உரையாற்றினார். அந்த முறையில் தன்னளவில் ஒழுக்கக் குற்றம் ஏதுமில்லை என்றும், அது பிறந்த இடத்தைக் கொண்டு அதை ஒதுக்க வேண்டியதில்லை என்றும், தொடக்க நூலின் வார்த்தை துன்பத்தைத் தணிக்கும் வழிகளைத் தேடுவதைத் தடுக்கவில்லை என்றும் தெளிவுபடுத்தினார். அம்முறை முழுப்பயன் தராமற்போனாலும் அத்துன்பம் கடவுளோடு இணைந்து ஏற்கப்படும்போது நன்மைக்கு ஊற்றாகலாம் என்றும் கூறினார். திருத்தந்தையே இடமளித்த ஒன்றைத் திருச்சபையின் பெயரால் நம் வீடுகளில் இன்னும் மறுத்துக்கொண்டிருக்கிறோமே!

கடைசியாக, அருகிருத்தல். 1980இல் குவாத்தமாலா நாட்டு மருத்துவமனை ஒன்றில் நிகழ்ந்த ஆய்வின் முடிவு வெளியாயிற்று. பிரசவ வலியில் இருந்த சில தாய்மாருடன், முன்பின் அறியாத ஒரு பெண், கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். தனித்து விடப்பட்ட தாய்மாருக்குச் சராசரியாக 19 மணி நேரத்துக்கு மேல் நீடித்த பிரசவம், துணையிருந்தோருக்கு 9 மணி நேரத்துக்கும் குறைவாகவே நீடித்தது. அது சிறிய ஆய்வுதான். ஆயினும் பின்னர் பல நாடுகளில் செய்யப்பட்ட ஆய்வுகளும் துணையின் நன்மையை உறுதிசெய்தன. தாய் விரும்பும் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பரிந்துரைகளில் கூறியுள்ளது. ராகேலின் மருத்துவச்சி அறிந்திருந்ததை அறிவியல் எண்களால் எழுதிக் காட்டியது, அவ்வளவே.

அந்த மாலை நாங்கள் ஒரு தாளில் நான்கு கேள்விகளை எழுதினோம். எதற்காக இப்போதே வலி வரவழைக்க வேண்டும்? என்ன மருந்து, எந்த வழியில்? எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள். வராவிட்டால் அடுத்தது என்ன? உடன் யார் இருக்கலாம்? மறுநாள் மருத்துவரிடம் அத்தாளை அவர் கொண்டுபோனார். மருத்துவர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக விடை சொன்னாராம்.

திங்களன்று மருந்து வைத்தும் வலி வரவில்லை. செவ்வாய் மாலை ஒரு பெண்குழந்தை பிறந்தது. நான் பார்க்கச் சென்றபோது, "பயம் கடைசிவரை இருந்தது சாமி. ஆனால் அடுத்தது என்ன என்று தெரிந்திருந்தது. அம்மா கையை விடவில்லை. பயம் பாவம் என்ற நினைப்பு மட்டும் வரவில்லை" என்றார்.

யோவான் நற்செய்தியில் ஆண்டவர் தம் பாடுகளுக்கு முந்திய இரவில், பேறுகாலப் பெண்ணின் துயரத்தையே உவமையாக எடுத்தார். அவளுடைய நேரம் வந்துவிட்டதால் அவள் கலங்குகிறாள் என்றாரே அன்றி, கலங்கியதற்காக அவளைக் கடிந்துகொள்ளவில்லை. சில மணி நேரத்துக்குள் தோட்டத்தில் தாமே கலங்கியபோது, உடன் விழித்திருக்கும்படி சீடரைக் கேட்டார். அவர்களோ உறங்கிவிட்டனர்.

நம் பங்கில் அடுத்து ஒரு பெண் தம் நேரத்துக்காகக் காத்திருக்கும்போது, அஞ்சவேண்டாம் என்று சொல்லிவிட்டு வீடு திரும்பாமல் இருப்போம். மரியா எலிசபெத்தோடு ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார் என்று லூக்கா எழுதுகிறார். நமக்குக் கேட்கப்படுவது ஓர் இரவுதான்.