ஐரோப்பியச் செயற்கை நுண்ணறிவுச் சட்டம்

ஐரோப்பிய ஒன்றியம் இயற்றி 2024 ஆகஸ்ட் 1-இல் அமலுக்கு வந்த இச்சட்டம், கருவியின் நுட்பத்தை விசாரியாமல், அது பிரயோகிக்கப்படும் இடத்தில் மனிதனுக்கு விளையக்கூடிய அபாயத்தின் தாரதம்மியத்தையே அளவுகோலாகக் கொண்டது. கண்காணிப்புக் கேமராப் பதிவுகளிலிருந்து முகப்படங்களை வரைமுறையின்றித் திரட்டித் தரவுத்தளம் அமைப்பது 2025 பிப்ரவரி 2 முதல் அறவே விலக்கப்பட்டது. மீறும் பெருநிறுவனம் மூன்றரைக் கோடி யூரோ, உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 7 சதவீதம் ஆகிய இரண்டனுள் மிகுதியானது வரை தண்டம் செலுத்த நேரும். வேலை விண்ணப்பங்களைச் சலித்தெடுக்கும் மென்பொருளோ விலக்கப்படாவிடினும், அபாயம் மிக்கதென வகுக்கப்பட்டமையால், அதை உபயோகிக்கும் முதலாளி தகுதியுடையோரை மேற்பார்வைக்கு அமர்த்தி, அதன் செயற்பதிவுகளைக் குறைந்தது 6 மாதம் பேணவேண்டுமென இச்சட்டம் விதிக்கிறது. தீங்குற்றவர் நஷ்டஈடு பெறுவதை எளிதாக்கவென 2022-இல் முன்மொழியப்பட்ட தனி நெறிமுறையை ஐரோப்பிய ஆணையம் 2025-இல் கைவிட்டது பெருங்குறையே எனலாம்.