முகத்துக்குன்னே பிறந்த லென்ஸ்

மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் முன்னாடி போர்ட்ரெய்ட் எடுக்கப் போறீங்க. 50 எம்எம் லென்ஸா, 85 எம்எம்மா?

போர்ட்ரெய்ட் லென்ஸோட கதை 1840-ல ஆரம்பிக்குது. அதுக்கு முந்தின வருஷம் வந்த டாகேரோடைப்ல முகம் பதியணும்னா, பல நிமிஷம் அசையாம உட்காரணும். வியன்னா கணிதப் பேராசிரியர் ஜோசப் பெட்ஸ்வால், கணக்குப் போட்டே எஃப்/3.6 லென்ஸ் ஒன்றை வடிவமைத்தார். ஃபோக்ட்லேண்டர் நிறுவனம் தயாரித்தது. நேரம் ஒரு நிமிஷத்துக்கும் கீழே இறங்கிச்சு. நடுவுல முகம் பளிச்சுனு இருக்கும், ஓரமெல்லாம் மங்கல். அன்னைக்கு அது குறை. இன்னைக்கு அந்த மங்கலுக்குத்தான் காசு கொடுக்கிறோம்.

ஃபுல் ஃப்ரேம் கேமராவில் முகம் மட்டும் போதும்னா 85. தள்ளி நின்னு எடுக்கிறதால மூக்கு பெருசாத் தெரியாது. கோயிலும் தெரியணும்னா 50, அபெர்ச்சர் எஃப்/8. சுமார் 1,300 வருஷமா நிக்கிற பல்லவர் கல்லை மங்கலாக்கவா அவ்வளவு தூரம் போறோம்?