குறுகிய நோக்கைச் சுட்டும் சொற்கள்: தமிழ் – மலையாள ஒப்பீடு

திருவனந்தபுரத்தின் தம்பானூரில் 1931ஆம் ஆண்டு முதல் இருப்புப்பாதை நிலையம் இயங்கி வருகிறது. 1979இல் நாகர்கோவில், கன்னியாகுமரிப் பாதை அதனோடு இணைந்தது. தமிழும் மலையாளமும் நாள்தோறும் அருகருகே ஒலிக்கும் இடங்களுள் இந்நிலையம் ஒன்று. நெருங்கிய உறவுடைய மொழிகளாதலின், ஒன்றில் கேட்ட சொல்லுக்கு மற்றொன்றிலும் அதே பொருள் இருக்கும் எனக் கொள்வது இயல்பு. ஆனால் பிறர் கருத்துக்கு இடந்தராத மனத்தைக் குறிக்கும் சொற்களில் இவ்வெண்ணம் பெரிதும் தவறிவிடுகிறது. அதற்குக் காரணம் அச்சொற்களின் வரலாற்றில் உள்ளது.

1. இடம் பற்றிய சொற்கள்

மனத்தை ஓர் இடமாகக் கொண்டு, அது சுருங்கியுள்ளது எனக் கூறுவது இரு மொழிக்கும் பொது. தமிழில் 'குறுகிய மனம்', 'குறுகிய நோக்கு' என வழங்குவதை மலையாளம் 'சங்குசிதம்' என்னும் வடசொல்லால் குறிக்கிறது. அதே வேரிலிருந்து வந்த 'சங்கோசம்' தமிழில் கூச்சத்தை மட்டுமே உணர்த்தும். பழிப்புப் பொருள் அதற்கில்லை.

'கிணற்றுத் தவளை', வடமொழிக் 'கூபமண்டூகம்' ஆகிய தொடர்களும் இவ்வகையின. 'கிணற்றுத் தவளைக்கு நாட்டு வளப்பம் ஏன்?' என்னும் பழமொழி இங்கு நோக்கத்தக்கது. இதில் தவளை வெளியுலகை மறுக்கவில்லை. வெளியுலகைப் பற்றிக் கேட்க அதற்கு என்ன தகுதி என்று பிறரே தடுக்கின்றனர். இன்றைய வழக்கிலோ அறியாமை தவளையின் குற்றமாகிவிட்டது. பழிக்கப்படும் உயிர் ஒன்றே. பழியின் திசை மாறியுள்ளது.

2. காலம் பற்றிய சொற்கள்

பழைமையை விடாதவரைத் தமிழ் 'பத்தாம்பசலி', 'சுத்தக் கர்நாடகம்', 'பழம்பஞ்சாங்கம்' என்று சுட்டுகிறது. பசலி என்பது வருவாய்த்துறைக் கணக்காண்டு. கர்நாடகம் என்பது ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிப் பகுதிக்கு வழங்கிய பெயர். அப்பகுதியின் ஆட்சி 1801இல் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு மாறியது. கடந்துபோன ஆட்சிமுறையின் பெயர்களே காலங்கடந்த மனிதருக்கு அடைமொழிகளாயின எனக் கருத இடமுண்டு.

திருவிதாங்கூர் தன் கணக்குகளைக் கொல்லம் ஆண்டில் எழுதிய நாடு. அங்குப் பசலி வேரூன்றவில்லை. மலையாளத்தில் இப்பொருளுக்குப் 'பழஞ்சன்', 'அறுபழஞ்சன்' என்னும் சொற்கள் வழங்குகின்றன. இவை பழைமையை நேராகவே சொல்கின்றன. ஆட்சி வரலாற்றின் நினைவு அவற்றில் இல்லை. எனவே 'பத்தாம்பசலி'யைப் 'பழஞ்சன்' என மொழிபெயர்த்தால் பொருள் நிற்கும்; வரலாறு நீங்கும்.

3. இயக்கங்கள் தந்த சொற்கள்

அகில இந்திய முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1936இல் இலக்னோவில் தொடங்கப்பெற்றது. இத்தகைய இயக்கங்களின் வழியே பரவிய கருத்துகளுக்குத் தமிழ் 'முற்போக்கு', 'பிற்போக்கு' என ஒரே அச்சில் வார்த்த இரு சொற்களைக் கொண்டது. மலையாளமோ ஏற்கத்தக்கதற்குப் 'புரோகமனம்' என்னும் வடசொல்லையும், பழிக்கத்தக்கவருக்குப் 'பிந்திரிப்பன்' என்னும் நாட்டுச்சொல்லையும் வைத்துக்கொண்டது. பின்னது 'மூராச்சி' என்பதோடு இணைந்து, மேடையிலும் ஊர்வலத்திலும் முழங்கும் வசையாயிற்று. தமிழ்ப் 'பிற்போக்குவாதி' கட்டுரையிலும் நடமாடும் வகைப்பாட்டுச் சொல். ஒன்றன் இடத்தில் மற்றொன்றைப் பெய்தால் வசை வகைப்பாடாகும், வகைப்பாடு வசையாகும்.

'யாதாஸ்திதிகன்' என்னும் மலையாளச் சொல்லும் ஆராயத்தக்கது. உள்ளது உள்ளபடியே நிற்கவேண்டும் என்பவன் என்பது அதன் உறுப்புப்பொருள். தமிழில் இதற்கு ஈடாக வழங்கும் 'பழைமைவாதி' பழையதை விரும்புபவன். இன்றைய நிலையைக் காக்க முனைபவனுக்குப் பழைமைமீது பற்று இருந்தாக வேண்டும் என்பதில்லை.

எல்லாவற்றினும் இடர் மிக்கது 'வைதிகம்'. வேதநெறி சார்ந்தது என்னும் பொருளில் மதிப்போடு வழங்கிய இச்சொல், 1925இல் 'குடி அரசு' தொடங்கியபின் சுயமரியாதை இயக்க எழுத்துகளில் மாற்றத்தை மறுக்கும் மனப்போக்கின் பெயராகக் கடுமை பெற்றது. மலையாளத்தில் 'வைதிகன்' என்பது கிறித்தவக் குருவானவரைக் குறிக்கும் பெருவழக்கு. தமிழ்க் கட்டுரையிலுள்ள 'வைதிகர்' என்பதை அப்படியே மலையாளத்தில் எழுதிவிட்டால், ஒரு சமயத்தாரிடையே எழுந்த விவாதம் வேறொரு சமயத்தின் குருமாரைச் சாடுவதாகப் படிக்கப்படும். அகராதியில் சிறிதாகத் தோன்றும் பிழை, மக்களிடையே பெரும் பிழையாகிவிடும்.

4. யார், யாரைக் குறித்து?

இச்சொற்களுக்குப் பொதுவான இலக்கணப் பண்பு ஒன்றுண்டு. 'அவர் குறுகிய மனம் படைத்தவர்' என்பது இயல்பான தொடர். 'நான் குறுகிய மனம் படைத்தவன்' என்பது இலக்கண வழுவற்றதாயினும் வழக்கில் அரிது. 'நான் கிணற்றுத் தவளையாக இருந்தேன்' எனலாம். இறந்தகாலம் பேசுபவரைக் கிணற்றுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. நிகழ்காலத்தில் தன்னைச் சொல்ல நேரும்போது மனிதர் 'உறுதி', 'கொள்கை' ஆகியவற்றையே நாடுகின்றனர். தன்னிடம் உறுதியாக இருப்பது பிறரிடம் பிடிவாதமாகத் தோன்றுகிறது.

இவ்வழக்கிற்கு விலக்கான பேச்சொன்றும் உண்டு. 1892 டிசம்பரில் திருவனந்தபுரத்தில் பேராசிரியர் சுந்தரராம ஐயரின் விருந்தினராக ஒன்பது நாள் தங்கிய விவேகானந்தர், அடுத்த ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் சிகாகோ சமயப் பேரவையில் கிணற்றுத் தவளைக் கதையைக் கூறினார். கடலிலிருந்து வந்த தவளையை நம்ப மறுத்த தவளை எது என்பதைச் சுட்டும்போது, இந்துவாகிய தாமும் தம் சிறு கிணற்றில் இருப்பதாகவே தொடங்கி, அதன் பின்னரே கிறித்தவரையும் இசுலாமியரையும் குறிப்பிட்டார். தன்மையிலும் நிகழ்காலத்திலும் சொன்னமையால் வசைச்சொல் அங்கு உண்மைகூறும் சொல்லாயிற்று.

ஆகவே இவ்வகைச் சொற்களுக்கு நிகர்ச்சொல் தேடும் மொழிபெயர்ப்பாளர்க்கு அகராதிப் பொருள் போதாது. சொல்பவர் யார், சொல்லப்படுபவர் யார், அச்சொல் எந்த இயக்கத்தின் வாயிலிருந்து வந்தது என்னும் மூன்றையும் அறிந்தபின் தெரிந்த சொல்லே மூலத்தின் சினத்தையும் அளவையும் காக்கும். தம் மொழியின் பொருளே பிறமொழிக்கும் பொருள் என நினைப்பதும் குறுகிய நோக்கின் ஒரு வகையே.